எத்தனை வெள்ளி ஆகும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு மருமகளாக வந்த நான்காம் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார். "ஊருல நீ தையக்காரியாமே. இந்த பிளவுஸ் தைக்க எத்தன வெள்ளி ஆகும்?" என்று கேட்டார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "ஒரு வெள்ளிகூட ஆகாதுக்கா, இந்த வியாழக்கிழமையே குடுத்துடுவேன்" என்றேன். அவர் முழித்தார். அடுக்களையில் இருந்த அத்தை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கூலி இல்லாமல் தைத்துத் தருகிறேன் என்று நானே சொல்லியிருக்கிறேன்!

இது 2009இல் நடந்தது. மதுரைக்கு அந்தப் பக்கம் மேலூரை ஒட்டிய கிராமம் எனக்கு. பத்தாவது முடித்ததும் தையல் கற்றுக்கொண்டு, ஆறு வருஷம் மேலூர் பஜாரில் ஒரு கடையில் ரவிக்கை தைத்தவள். மலேசிய மாப்பிள்ளை என்று பேச்சு வந்தபோது வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அங்க எல்லாம் தமிழ் ஆளுங்க, தமிழ்ப் பேச்சு, மாரியம்மன் கோயிலு. நம்ம ஊரு மாதிரியேதான்." நானும் அதை நம்பித்தான் விமானம் ஏறினேன். சீனாவுக்கோ ஜெர்மனிக்கோ போயிருந்தால் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை விசாரித்திருப்பேன். தமிழ் கேட்ட இடத்தில் எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை. முதல் சில வருஷங்களில் நான் தொழிலில் பட்ட அடியெல்லாம் அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். அத்தை பால்மரம் வெட்டிய காலத்தில் ரப்பராக இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை, அதாவது பாமாயில் மரம். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்து இருந்த குடும்பங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குச் சிதறிவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் தோட்டத்தில் இருக்கிறவர்கள், மீதிப் பேர் தோட்டத்தைவிட்டு வந்து தாமானில் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கையில் காசு புழங்கும் நாளே வேறு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று தீபாவளி ஆனது.

முதலில் கூலிக் கதை. அப்போது ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 14 ரூபாய். மேலூரில் சாதா ரவிக்கைக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். இங்கே அஞ்சு வெள்ளி கேட்டால் 70 ரூபாய்! கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு வெள்ளி என்று சொன்னேன். ஒரே மாதத்தில் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ராத்திரி பன்னிரண்டு வரை மெஷின் ஓடியது. வாழ்க்கையில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்து ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பெருமை அடித்தேன்.

மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருந்த ஒரு அக்கா ஒரு சாயங்காலம் வந்தார். கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து அத்தை கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். அப்புறம் கேட்டார்: "தங்கச்சி, நீ அஞ்சு வெள்ளிக்குத் தைக்கிறியாமே. நான் கடைக்கு 400 வெள்ளி வாடகை கட்டுறேன், லைசன் கட்டுறேன். பதினஞ்சுக்குக் கொறைஞ்சா எனக்குக் கட்டாது. ஊர்க்காரங்க வந்து இப்பிடி வெலய ஒடச்சா நாங்க எங்கலா போறது?"

இந்தியாவிலிருந்து வருகிறவர்களை இங்கே 'ஊர்க்காரங்க' என்பார்கள். பாசமாகவும் சொல்வார்கள், ஒதுக்கியும் சொல்வார்கள். அன்றைக்கு அது எந்த வகை என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் போனதும் பொறாமை, வயிற்றெரிச்சல் என்று நான் பொரிந்து தள்ளினேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் சின்ன நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். "கணக்கு எழுது" என்றார்.

எழுதினேன். லைனிங் துணி, நூல், கொக்கி, ஈப்போ போய் வாங்கிவரும் பஸ் காசு, மின்சாரம் எல்லாம் சேர்த்து ஒரு ரவிக்கைக்கு 2 வெள்ளி 80 காசு வந்தது. மிச்சம் 2 வெள்ளி 20 காசு. வெட்டித் தைத்து ஊக்குக் கட்ட மூன்று மணி நேரம். அதாவது மூன்று மணி நேர வேலைக்கு இரண்டு தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீகூடக் குடிக்க முடியாது. "ரூபாயில நெனச்சுக்கிட்டு வெள்ளியில செலவு பண்றே" என்றார் அத்தை. வரவை 14ஆல் பெருக்கிச் சந்தோஷப்பட்டவள், செலவை ஒரு தடவைகூடப் பெருக்கிப் பார்க்கவில்லை.

மறுநாளே பதினைந்தாக்கினேன். பாதிப் பேர் வரவில்லை. அந்த அக்காவின் கடைக்குப் போய், "இனி உங்க வெலதான்க்கா எனக்கும்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால், தன்னால் முடிக்க முடியாத நாற்பது ரவிக்கையைப் பையில் போட்டு மகனிடம் கொடுத்தனுப்பினார். இன்றைக்கும் எங்கள் இருவருக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: அந்த ஊரில் அதே தொழில் செய்கிறவர் என்ன வாங்குகிறார், ஏன் அவ்வளவு வாங்குகிறார் என்று போய்க் கேளுங்கள். ஊரில் நாம் வாங்கிய கூலியை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது காயிதம். இங்கே வந்து பட்டதில் பெரிய பாடு இதுதான்.

மலேசியரைக் கல்யாணம் செய்து வந்தவர்களுக்கு நீண்டகால வருகைப் பாஸ் தருவார்கள். எனக்கு முதலில் ஒரு வருஷத்துக்குக் கிடைத்தது. ஒவ்வொரு தடவை புதுப்பிக்கவும் வீட்டுக்காரர் கூடவே வந்து நிற்க வேண்டும். அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த தாளில் மலாயில் ஏதோ எழுதியிருந்தது. நான் வாசிக்கவே இல்லை. வேலை செய்ய அனுமதியில்லை என்று எழுதியிருக்கிறது என்பதை எட்டு மாதம் கழித்து அரிசிக் கடைக்காரரின் மகள் படித்துச் சொன்னாள். அதுவரை ஊரறிய வாசலில் மோட்டார் நிற்க மெஷின் ஓட்டியிருக்கிறேன். அன்று ராத்திரி மெஷின்மேல் போர்வையைப் போட்டு மூடினவள் பத்து நாள் தொடவில்லை. என்னைப் போன்றவர்கள் குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், வேலை செய்யலாம் என்று அதே பாஸில் அனுமதி எழுதித் தருவார்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. முறையாகக் கேட்டு வாங்கினேன். அதனால் சொல்கிறேன், பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் நாளே யாரையாவது வைத்து முழுசாகப் படித்துவிடுங்கள். நம் ஆட்கள் சொல்லும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லலா, சும்மா செய்யி" என்பதை நம்பாதீர்கள். அவர்கள் நீல ஐசி, அதாவது குடிமக்கள் அடையாள அட்டை வைத்திருக்கிறவர்கள். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது அவர்கள் இல்லை.

கடையைப் பதிவு செய்வது இன்னொரு படி. எஸ்எஸ்எம் என்கிற நிறுவன ஆணையத்தில் தனிநபர் வணிகமாகப் பதிய வருஷத்துக்கு 60 வெள்ளி, கடைக்குச் சொந்தப் பெயரையே வைத்தால் 30 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். இவ்வளவு மலிவா என்று சந்தோஷமாகப் போனால், அந்த வகைப் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் என்றார்கள். வெளிநாட்டவர் என்றால் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனமாகத் தொடங்கலாம். அதற்குப் பதிவுக் கட்டணமே 1,000 வெள்ளி. மாதா மாதம் நிறுவனச் செயலாளருக்குச் சம்பளம், வருஷா வருஷம் கணக்கறிக்கை. பெரிய கடை போடுகிறவருக்குச் சரி. மாதம் அறுபது ரவிக்கை தைக்கிறவள் செயலாளர் வைத்துக்கொள்வதாவது!

ஆகவே கடை வீட்டுக்காரர் பெயரில் பதிவானது. தைப்பது நான், பேசுவது நான், கணக்கு எழுதுவது நான். முதலாளி, லோரி ஓட்டும் அவர். ஒரு தடவை கடனுதவிக்கு மனுப் போட்டோம்.   நேர்காணலில் அதிகாரி இவரைப் பார்த்து, "ஓவர்லாக் மெஷின் எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷின் அது. இவர், "பூட்டுறதுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். கடன் கிடைக்கவில்லை. அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். 2016இல் அது சிரிப்பாக இல்லை. லோரி சறுக்கி இவருக்குக் கால் முறிந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் படுத்துவிட்டார். அப்போது நவம்பர். கடையின் வங்கிக் கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. துணிக்காரருக்குக் காசோலை கொடுக்க வேண்டும், கையெழுத்து அவருடையது. கடை லைசன் வருஷ முடிவில் புதுப்பிக்க வேண்டும், அதுவும் அவர். தலையணைக்கு அடியில் காசோலைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வலி ஊசி போட்டு மயக்கமாக இருப்பவரிடம் கையெழுத்து வாங்கினேன். கோணல் மாணலாக வந்தது. வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. அவருக்கு வேறேதாவது ஆகியிருந்தால், நான் ஏழு வருஷம் தைத்த காசு முழுவதும் அவருடைய சொத்துக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். வாரிசுப் பத்திரம் வாங்கி எடுக்க எத்தனை மாதம் ஆகுமோ. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து இதை யோசித்தது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் யோசித்தேன்.

அவர் தேறி வந்ததும் முதல் வேலையாக வங்கியில் எழுதிக் கொடுத்து, நானும் கையெழுத்துப் போடும்படி மாற்றினோம். வீட்டுச் சேமிப்பைக் கூட்டுக் கணக்காக்கினோம். துணிக்காரரின் பில், லைசன், வரித் தாள் எல்லாவற்றுக்கும் ஒரே கோப்பு. வணிக வருமானம் உள்ளவர் ஜூன் 30க்குள் வருமான வரிப் பாரம் கொடுக்க வேண்டும், கணக்குத் தாள்களை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அந்தக் கோப்புப் போட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். புருஷன் பெயரில் தொழில் செய்கிற பெண்களுக்குச் சொல்கிறேன், புருஷன் நல்லவரா என்பதில்லை இங்கே கேள்வி. என் புருஷன் தங்கம். தங்கத்துக்கும் கால் முறியும்.

கடைக்கு வந்தது 2013இல். மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கடைவீட்டில் முன்பாதி, 350 வெள்ளி வாடகை. அஞ்சடியில், கடைக்கு முன்னால் இருக்கிற கூரை போட்ட நடைபாதையில், மெஷின் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன், நடைபாதையை மறைக்கக் கூடாது என்றார்கள். சரி. பெயர்ப் பலகையில்தான் கோட்டை விட்டேன். 'மீனாட்சி தையலகம்' என்று தமிழில் பெரிதாக, அம்மன் கிளி எல்லாம் வைத்து, 280 வெள்ளிக்கு எழுதி வாங்கிவிட்டேன். அப்புறம்தான் நகராட்சிக்குப் போனேன். பலகைக்குத் தனி லைசன் வேண்டும். மலாய் எழுத்து மேலே பெரிதாகவும் முதன்மையாகவும் இருக்க வேண்டும். அந்த மலாய் வாசகத்தை டேவான் பஹாசா என்கிற அரசாங்க மொழி நிறுவனத்தில் காட்டிச் சரிபார்த்து வாங்க வேண்டும். மறுபடி எழுதினேன். தையல் கடை என்று அர்த்தமுள்ள 'கெடாய் ஜாஹிட்' மேலே, மீனாட்சி கீழே. பழைய பலகை இப்போது துணி வெட்டும் மேசை. கிளி கண்ணில் படும்போதெல்லாம் 280 வெள்ளி ஞாபகம் வருகிறது. பலகை எழுதுகிறவரிடம் போகுமுன் நகராட்சிக்குப் போங்கள், அவ்வளவுதான்.

கடன் விவகாரம் கடைக்கு வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. அத்தை அன்று என் முன்னால் போட்டது 555 நோட்டு. உள்ளங்கையில் அடங்கும், எந்தச் சாமான் கடையிலும் கிடைக்கும். இந்த நாட்டில் தோட்டத்து ஜனங்களின் பாதி வாழ்க்கை அந்த நோட்டுக்குள்தான் இருந்தது. சம்பளத்துக்கு முன் சாமான், சம்பளத்தன்று பணம். தையலுக்கும் அதே பழக்கம். நான் முதலில் கடன் கிடையாது என்று போர்டு மாட்டினேன். தோட்டத்துப் பெண்கள் வருவது நின்றது. பிறகு எல்லோருக்கும் கடன் கொடுத்தேன், பணம் வருவது நின்றது. அத்தைதான் வழி சொன்னார். "ஏழாந்தேதி பாரு."

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். தோட்டத்தில் அந்த நாளை ஒட்டித்தான் காசு புழங்கும். அதற்கு ஏற்றபடி மாற்றினேன். அளவு எடுக்கும்போது பாதிப் பணம். மீதி, துணி வாங்கும்போது. துணி தயாராகும் தேதியை எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி என்று எழுதிக் கொடுத்தேன். முந்தின மாதம் இருபதாம் தேதியே தைத்து முடித்தாலும் மாட்டி வைத்திருப்பேன், போன் அடிக்க மாட்டேன். கையில் காசு இல்லாத நாளில் போன் போனால் அவர்களுக்குச் சங்கடம், அடுத்த தடவை வேறு கடை தேடுவார்கள். இதை ஈப்போ கடைக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். சுங்கை சிப்புட்டில் இது வேலை செய்கிறது.

கூட்டு என்ற ஒன்று உண்டு, ஊரில் சீட்டு என்போமே அது. இரண்டாவது மெஷின் வாங்க 12 பேர் சேர்ந்த கூட்டில் மாதம் 200 வெள்ளி கட்டினேன். நடத்தியவர் எல்லோருக்கும் தெரிந்த, கோயிலில் முன்னால் நிற்கிற ஒரு அம்மா. ஏழு மாதம் கட்டியபின் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். 1,400 வெள்ளி. போலீசில் சொல்லலாம் என்றேன். அப்போதுதான் சொன்னார்கள், கூட்டு நடத்துவதே 1971லிருந்து சட்டப்படி தடை என்று. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்ற நம்முடைய சொல்தான் இருக்கிறதாம்! பாஸில் இருக்கிற நான் தடை செய்யப்பட்ட ஒன்றில் பணம் கட்டினேன் என்று போய் எழுதிக் கொடுக்கவா? வாயை மூடிக்கொண்டேன். மெஷினை ஈப்போவில் ஒரு சீனர் கடையில் பழையதாக வாங்கினேன், ஆறு தவணை. அந்தத் தவுக்கேக்கு, அதாவது கடை முதலாளிக்கு, என் பேர்கூடத் தெரியாது. ரசீது கொடுத்தார், முத்திரை குத்தினார். கோயில் அம்மாவிடம் ரசீது கேட்க எனக்குக் கூச்சமாக இருந்ததே, அதுதான் விஷயம்.

தீபாவளி, தைப்பூசம், தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண மாதங்கள் தவிர மற்ற நாளில் ரவிக்கை வேலை படுத்துவிடும். தமிழர் கூட்டம் மட்டும் போதும் என்று இருந்ததும் அந்தப் பழைய நம்பிக்கைதான். ஒரு நாள் பின்தெருவிலிருந்து ஒரு மலாய் அக்கா, காக் என்று கூப்பிடுவோம், மகளுக்குப் பாஜு கூரோங், அதாவது மலாய்ப் பெண்கள் போடும் நீளச் சட்டையும் பாவாடையும், தைக்கக் கொடுத்தார். இது என்ன பெரிய விஷயம், நீளச் சுடிதார்தானே என்று வளைவாகக் கைக்குழி வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தவர் சிரித்தே விட்டார். பாஜு கூரோங்கில் கைக்குழி வளைவே கிடையாது. கை நேராக இறங்கும், அக்குளில் கெக்கேக் என்று ஒரு சதுரத் துண்டு வைக்க வேண்டும், பக்கவாட்டில் பெசாக் என்கிற துண்டு வைக்க வேண்டும். கையைத் தூக்கினாலும் உடுப்பு இடுப்பிலிருந்து ஏறாது. என்ன ஒரு புத்திசாலித்தனமான வெட்டு! தெலோக் பெலாங்கா என்கிற காலர் இல்லாத வட்டக் கழுத்துக்கு விளிம்பில் துலாங் பெலுட் என்று ஒரு கைத்தையல், விலாங்கு மீன் முள் என்று அர்த்தம். அது வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

கெடுத்த துணிக்குப் புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன். அவர் வீட்டுத் திரைச்சீலைகளைத் தைத்துக் கொடுக்கிறேன், பதிலுக்குக் கூரோங் கற்றுக்கொடுங்கள் என்றேன். தினமும் மத்தியானம் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கற்றேன். மலாயும் அப்படியே வந்தது. புத்தகத்தில் படித்திருந்தால் வந்திருக்காது, 'லோங்கார்' என்றால் தளர்வு, 'கெத்தாட்' என்றால் இறுக்கம் என்று உடம்போடு வந்த மலாய். அந்த மலாய்தான் அப்புறம் நகராட்சியிலும் வங்கியிலும் எனக்கு வாய் கொடுத்தது. இப்போது கடை வேலையில் ஏறக்குறைய பாதி மலாய் உடுப்பு. ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள் ஆர்டரை நோன்பு தொடங்குமுன்பே மூடிவிட வேண்டும், அதுவும் வருஷத்துக்குப் பதினோரு நாள் போல முன்னே நகரும். தீபாவளி ஐப்பசியில் நிற்கும். இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டும் நெருங்குகிற வருஷத்தைப் பற்றி நினைத்தாலே இப்போதே இடுப்பு வலிக்கிறது.

2020 மார்ச் 18 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாக் கடையும் போல என்னுடையதும் மூடியது. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை. ஆகஸ்டு முதல் நாள் முகக்கவரி, அதாவது மாஸ்க், கூட்டமான இடங்களில் கட்டாயமானதும், மிஞ்சிக் கிடந்த லைனிங் துணியை எல்லாம் எடுத்து மூன்று அடுக்கு முகக்கவரி தைத்தேன். சிறு கடைகளுக்கு அரசாங்கம் கொடுத்த 3,000 வெள்ளி உதவிப் பணமும் வந்தது. முறையாகப் பதிந்து வைத்திருந்ததால் வந்தது. பதியாமல் வீட்டில் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், எங்களுக்கு ஏன் இல்லை என்று என்னிடம் வந்து கேட்டார்கள். நான் என்ன சொல்வது.

நிரந்தரவாசிக்கு 2015இல் மனுப் போட்டேன். இந்தப் பாஸில் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால் போடலாம். 2021இல் கிடைத்தது, நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. சிவப்பு ஐசி. அட்டையை வாங்கிக்கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். பார்க்க அழுதது மாதிரி இருந்தது.

அப்புறம் சொன்னார். அவருடைய அண்ணன் இங்கே தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு ஐசி. 1968இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. தோட்டத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். மனைவி பிள்ளைகளோடு ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் போனவர், திரும்பவில்லை. அந்த ஆண்டுகளில் அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். "எங்க வீட்டுல செவப்பு ஐசின்னா எழவுச் செய்தி மாதிரி. ஒனக்கு லட்டு வாங்கி வச்சிருக்கே" என்றார் அத்தை. திரும்பிப் போகச் சொல்லி அவர் அண்ணனைக் கப்பல் ஏற்றியதும், என்னை இங்கேயே இருக்கச் சொல்லுவதும் ஒரே நிறத்து அட்டை. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் ஒரே தமிழ் பேசி, ஒரே பாயில் படுத்துக் கதை கேட்டிருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு அவர் வீட்டில் இப்படியொரு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. அத்தையின் இரும்புப் பெட்டியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஒன்று இருக்கிறது. 1960இல், தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம். ஆண்டுகணக்காக அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறாரே, எதற்கு என்று நினைத்திருக்கிறேன். காயிதத்தின் அருமை தெரிந்தவர் அவர். நான் பாஸைப் படிக்காமல் மெஷின் ஓட்டியவள்.

மறு மாதம் எஸ்எஸ்எம் போய், இவர் பெயரில் இருந்த பதிவை முடித்துவிட்டு என் பெயரில் அதே கடையைப் பதிந்தேன். 60 வெள்ளி. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "முதலாளி வேல போயிருச்சு" என்றார். வங்கிக் கணக்கும் மாறியது. பழைய கணக்கை லோரி வேலைக்கென்று அவர் வைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் பாக்கி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற கியூஆர் தாள் இன்னும் அந்தப் பழைய கணக்குக்குத்தான் போகிறது. வாடிக்கைக்காரர்கள் போனைக் காட்டிவிட்டு, "மீனாட்சின்னு நெனச்சேன், ஆம்பள பேரு வருதேக்கா" என்கிறார்கள். ராத்திரி அவர் என் கணக்குக்கு அனுப்பிவிடுகிறார், ஒரு காசு குறையாமல். வங்கிக்குப் போய் மாற்ற வேண்டும். இந்த வாரம் இரண்டு கல்யாண ரவிக்கை, கல்லு வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.